முன்னறையில் ஒரு ஹந்தானை

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குச் சற்று இப்பால், மேட்டில் ஏறுகிற குறுக்குப் பாதையில் நாங்கள் அப்போது குடியிருந்தோம். வீட்டுக்கு முன்னறை ஒன்று இருந்தது. அதற்குச் சீமெந்துத் தரை. சீமெந்துத் தரை என்றதும் யாரும் பொறாமைப்பட வேண்டாம். எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர் மேசன்மாரை நம்பாமல் தம் கையாலேயே போட்ட தரை அது. அந்த மனிதரை நான் கண்டதில்லை. ஆனால் அவருடைய தரையில் சில வருடங்கள் நடந்தவன் என்ற முறையில், அவர் அவசரக்காரர், முன்கோபி, வேலையின் நடுவில் எழுந்து டீ குடிக்கப் போகிறவர் என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன்.

அறையின் நடுவில் ஒரு மேடு. அதற்கு என் மனைவி, கண்டிக்கு மேலே நிற்கும் மலையின் பெயரால், ஹந்தானை என்று பெயர் வைத்திருந்தாள். ஜன்னலோரம் ஒரு பள்ளம். அது கண்டி வாவி. கூரை ஒழுகும் நாட்களில் வாவி நிரம்பும். எங்கள் வீட்டுக் கதிரைகள் ஒவ்வொன்றுக்கும் நிரந்தர இடம் உண்டு. வந்தவர் மரியாதைக்காக ஒரு கதிரையைச் சற்று இழுத்துப் போட்டால் போதும், அவர் பேசி முடிக்கும்வரை அது கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். எங்களுக்கு அதெல்லாம் பழகிவிட்டது. ஹந்தானையைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவோம்.

கண்ணைத் திறந்துகொண்டும் தாண்ட முடியாத ஒருவர் வந்தபோதுதான் வம்பு தொடங்கியது. அவர் என் மாமனார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. மாமா நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலை ஸ்டோரில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர். மாமி போன பிறகு, நாவலப்பிட்டி டவுனில் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துக்கொண்டு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு வந்தார். இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. எதிரே நிற்பது ஒரு உருவம் என்று தெரியும். அது ஆளா, அலுமாரியா என்பது தெரியாது. என்னை இரண்டொரு தடவை அலுமாரி என்று நினைத்து மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். நானும் அலுமாரியாகவே நின்றுவிட்டேன். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் அடுப்பு மூட்டுகிறார் என்று நினைத்து நினைத்தே என் மனைவிக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் "ஒரு கிழமைக்கு வாங்கப்பா" என்று சொல்லிக் கூட்டி வந்தாள். ஏழு நாள் என்று அவள் சொன்னதற்கு ஆயுள் முழுக்க என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும்.

வந்த அன்றைக்கே ஹந்தானையில் தடுக்கி விழுந்தார். பெரிய அடி ஒன்றுமில்லை, உள்ளங்கை தேய்ந்தது. ஆனால் மனைவி ஓடி வந்து, குழந்தையைத் தூக்குவது போலக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். விழுந்ததைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

"விடு. கைய விடு."

"இல்லப்பா, கட்டில் வரைக்கும்..."

"விடுன்னேன்ல." சுவரைத் தடவிப் பிடித்து நின்றுகொண்டார். "நாவலப்பிட்டியில என் ரூமுல நான் ஒருநாளும் விழுந்ததில்ல. இங்க வந்து மகள் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும்னா, கிழமை முடிஞ்சதும் நான் ரயிலேறிருவேன். கோவிச்சுக்காத."

அதன் பிறகு கட்டிலை விட்டு இறங்கவே யோசித்தார். இறங்கினால் காலை நீட்டித் தரையைத் தடவித் தடவி, தண்ணீர் சூடா என்று பார்ப்பவர் போல நடந்தார். என் மனைவி குசினியில் வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து எனக்கு வீரம் வந்துவிட்டது. எனக்கு வீரம் வரும்போதெல்லாம் வீட்டில் ஏதாவது உடையும். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் தடுப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"தரதான மாமா பிரச்சினை? நானே மட்டம் பண்ணிருறேன்."

மாமா கட்டிலில் இருந்தபடி என் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார்.

"நீங்களா?"

"நான்தான்."

"மாப்புள, நீங்க பேனா புடிக்கிறவரு."

"அந்தப் பேனாவால சீமெந்தப் பத்தி எழுதாத நாளே இல்ல மாமா."

அது பொய்யில்லை. கண்டி டவுனில் ஒரு பெரிய வியாபாரியின் ஸ்டோரில் நான் கிளார்க். தோட்டங்களுக்குப் போகிற சீமெந்துப் பீப்பாய்கள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். எந்தப் பீப்பாய் எந்தத் தோட்டத்துக்கு என்று தூக்கத்திலும் சொல்வேன். பீப்பாயைத் திறந்தால் அடுத்தபடி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால்தான் சற்று யோசிப்பேன்.

மாமா சிரிக்கவில்லை. "சரி. தர வேல முடியட்டும். நடந்து பாத்துட்டுச் சொல்றேன், இருக்கிறதா போறதான்னு" என்றார்.

மனைவி என்னைக் குசினிக்கு இழுத்துப் போனாள். "தர முடியிற வரைக்கும் இருப்பாரு. அது வரைக்கும் நல்லது. ஆனா முடிஞ்சதும் நடந்து பாப்பாரு. ஒழுங்கா செய்ங்க. இது ஒங்க வெளயாட்டு இல்ல."

"ஒழுங்காத்தான் செய்வேன்."

"கோழிக்கூட்டையும் இப்பிடித்தான் சொன்னீங்க."

கோழிக்கூட்டைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

சந்தியில் ஒரு முஸ்லிம் நண்பர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். சீமெந்து கேட்டுப் போனபோது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மேசன் ஆரு?"

"நான்தான் நானா."

"யா அல்லாஹ்! கிளாக்கர், ஊட்டுல ஒங்களுக்கு வேற வேல ஒண்டும் இல்லையா? பழைய தரைக்கு மேல அப்பிடியே பூசிராதீங்க. செதில் செதிலாக் கழண்டு வரும். கொத்தணும். நல்லாக் கொத்திக் காயமாக்கினாத்தான் புதுசு புடிக்கும்."

கொத்தினேன். வீட்டுச் சாமான்களையெல்லாம் பின்பக்கத்துக் குசினிக்கு மாற்றினோம். மாமாவுக்கும் அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரித்தாயிற்று. குசினி என்றால் மண்தரை. சாணம் மெழுகிய குண்டும் குழியுமான தரை. ஒரு மூலையில் விறகு, ஒரு மூலையில் அம்மி, நடுவில் பூனை. "ரெண்டு நாளுக்குத்தான் மாமா, பொறுத்துக்குங்க" என்றேன்.

அலுவலகம் விட்டு பஸ் பிடித்து வந்து, சாரத்தை மடித்துக் கட்டி, முழங்காலில் விழுந்து உளியைப் பிடிப்பேன். பிறந்ததிலிருந்து மாதா கோயிலில் முழந்தாளிட்டதையெல்லாம் கூட்டினாலும் அந்த நாட்களில் நான் முழந்தாளிட்டதற்கு ஈடாகாது. அதற்கான பலன் என் கணக்கில் எழுதப்பட்டதா என்பது சந்தேகம். நான் சொன்ன வார்த்தைகள் அப்படிப்பட்டவை. ஹந்தானை அசையவில்லை. உளி வழுக்கும், பொறி பறக்கும், ஒரு நகக்கண் அளவு சில்லு எகிறிக் கண்ணைப் பார்த்து வரும். தூசி மூக்கில் ஏறி, சோற்றில் விழுந்து, தலையில் படிந்து என்னை மாமாவின் வயதுக்குக் கொண்டுபோயிற்று. மாமா குசினியிலிருந்து காதாலேயே வேலையை மேற்பார்வை செய்தார்.

"மாப்புள, இப்ப அடிச்சது சீமெந்துல இல்லையே."

"வெரல்ல மாமா."

"நெனச்சேன்."

உள்ளே அப்பாவும் மகளும் சேர்ந்து சிரிப்பது கேட்கும். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. மறுநாள் அலுவலகத்தில் பேனா பிடித்தால் கை தானாக உளியைப் போலத் தாளைக் கொத்தியது. எங்கள் துரை என் கையெழுத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எனக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்.

ஒருவழியாகத் தரை முழுவதும் அம்மைத் தழும்பு போட்டது போல ஆயிற்று. அடுத்தது மட்டம். மட்டத்தை எங்கிருந்து எடுப்பது? இதில்தான் நான் மூளையைப் பயன்படுத்தினேன். தரை கோணல். அதே மனிதர் எழுப்பிய சுவரை நம்ப முடியாது. கூரையைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த வீட்டில் நம்பிக்கையோடு பார்க்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: சுவரில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே அடித்திருந்த பலகைப் பீடம். நாங்கள் குடிவந்த புதிதில் பங்குச் சுவாமியார் வந்து வீடு மந்திரித்துப் படத்தை ஸ்தாபித்தபோது, அவர் பார்த்துக்கொண்டிருக்கத் தச்சன் அடித்த பலகை அது. சுவாமியார் முன்னிலையில் அடித்தது கோணலாக இருக்குமா? இந்த எண்ணம் என் மனைவிக்கும் பிடித்திருந்தது. மாமாகூட, "அது சரிதான்" என்றார். இரண்டு அடி நீளப் பலகை. அதன் இரு முனையிலிருந்தும் ஒரே அளவு கீழே இறக்கிச் சுவரில் இரண்டு புள்ளி வைத்தேன். புள்ளிகள் வழியாகக் கயிறு கட்டி, அந்தக் கோட்டை அறையின் இரு கோடிக்கும் நீட்டினேன். எதிர்ச்சுவருக்கும் அதே அளவைக் கொண்டுபோனேன். கையைத் தட்டிக்கொண்டேன்.

மகாவலி மணலைச் சலிக்கச் சல்லடை தேடியபோது ஒன்று வாகாகக் கிடைத்தது. அது இடியப்ப மா சலிக்கிற அரிதட்டு என்பது பாதி மணல் சலித்த பிறகுதான், மனைவி வாசலில் வந்து நின்ற விதத்திலிருந்து தெரிந்தது. தரையை நனைத்து, சீமெந்துப் பால் ஊற்றித் தேய்த்து, சாந்தைக் கொட்டி, கயிற்றுக்குச் சமமாக நீளப் பலகையால் இழுத்து இழுத்து வந்தேன். கட்டில் கிடந்த மூலை சாந்தைக் குடித்துக்கொண்டே இருந்தது. நான் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கடைக்கு ஓடினேன்.

"என்ன கிளாக்கர், ஊட்டுல சீமெந்தாக்கித் திங்கிறீங்களா?" என்றார் நானா.

"அந்த மூல அவ்வளவு பள்ளம் நானா. முன்னால இருந்த ஆளு அப்பிடிப் போட்டுவச்சிருக்கான்."

பூசி முடித்துச் சாக்கு விரித்து நாளுக்கு மூன்று வேளை தண்ணீர் ஊற்றினோம். அதிகம் ஊற்றியது மனைவிதான். தரை காயக் காய அவள் முகம் சுருங்கியது. காய்ந்தால் அப்பா நடந்து பார்ப்பாரே.

காய்ந்தது. சாக்கை எடுத்துக் கழுவித் துடைத்ததும் கண்ணாடி போல இருந்தது. எனக்கே கண் கலங்கியது. மாமாவைப் பெருமையோடு வாசலில் கொண்டுவந்து விட்டேன். கையைப் பிடிக்கவில்லை. அவர் செருப்பில்லாத காலை உள்ளே வைத்தார். நாலு எட்டு நடந்தார். நின்றார். திரும்பி நாலு எட்டு நடந்தார்.

"மாப்புள."

"மாமா?"

"வீடு எங்கிட்டுப் போகுது?"

"என்ன மாமா?"

"எங்கயோ எறங்குதே. நான் நேராத்தான் நடக்குறேன், காலு ஜன்னல் பக்கமாப் போகுது."

நான் சிரித்தேன். நிரூபிப்பதற்காக ஒரு செம்புத் தண்ணீரை நடுவில் ஊற்றினேன். தண்ணீர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. மழைக்கு ஒதுங்க ஓடுபவனைப் போல ஜன்னல் சுவரை நோக்கி ஓடிற்று. நானும் மனைவியும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மாமாவால் பார்க்க முடியாது. ஆனால் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

என் மனைவிதான் முதலில் தலையைத் தூக்கிப் பீடத்தைப் பார்த்தாள். படத்துக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்னங்க... அந்த எண்ணெ எப்பவும் ஒரு பக்கம் ஏறித்தான் நிக்கும்."

"எவ்வளவு நாளா?"

"வாங்கின நாள்ல இருந்து. கிண்ணத்தக் கோணலா ஊதிட்டான்னு நெனச்சேன். நீங்களுந்தான பாக்குறீங்க, தெனமும் முன்னால நின்னு செபம் சொல்லிக்கிட்டு?"

பார்த்திருக்கிறேன்தான். செபம் நீளும் நாட்களில் அந்தக் கிண்ணத்தைச் செய்தவனின் திறமையைப் பற்றி விமர்சித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எண்ணெய் பாவம், தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. பலகை அரை விரல் சாய்ந்திருந்தது. இரண்டு அடியில் அரை விரல் என்றால் என் பன்னிரண்டு அடி அறையில் மூன்று விரல். அத்தனையையும் பிசகில்லாமல் தரையில் இறக்கியிருந்தேன். அறையில் எதுவும் மேடு பள்ளமாக இல்லை. அறையே ஒட்டுமொத்தமாகச் சரிந்திருந்தது.

"பலகைய நேராக்கிருவோமா?" என்றேன், வேறு சொல்லத் தெரியாமல்.

"மந்திரிச்சு வச்சதுல கை வைக்காதீங்க. தரையில கை வச்சது போதும்."

மாமா சுவரைப் பிடித்தபடி குசினிப் படியை நோக்கித் திரும்பினார். "அப்ப தர வேல இன்னும் முடியல" என்றார். அவர் குரலில் கிண்டல் இருந்தது. கொஞ்சம் நிம்மதியும் இருந்தது போலத் தோன்றியது. மனைவியின் முகத்தில் நிம்மதி இருந்ததில் சந்தேகமே இல்லை. புருஷன் செய்த வேலை பாழாய்ப் போனதற்கு ஒருத்தி அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை.

நான் மட்டும் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தும் மெல்லச் சரிவது போல இருந்தது.

நானாவிடம் நடந்ததைச் சொன்னபோது, கடைக்கு வந்திருந்தவர்களையும் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு உள்ளே போய், நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு குமிழியும் உள்ள ரசமட்டக் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். "இத மொதல்லயே கேட்டீக்கலாமே" என்றார். கேட்டிருக்கலாம். மேசன் வேலை செய்கிறவன் மேசன் சாமான் கேட்பதில் என்ன வெட்கம் என்று அப்போது தோன்றவில்லை.

உயர்ந்த பக்கத்தை மறுபடி கொத்த வேண்டும். இந்த முறை கொத்தியது நானே போட்ட சீமெந்தை. முன்னவருடையதைவிட அது எவ்வளவு கெட்டியாக இருந்தது என்பதை என் தோள்பட்டை இன்றைக்கும் சொல்லும். ஒவ்வொரு அடிக்கும் பெருமையும் அழுகையும் சேர்ந்தே வந்தன. வேகம் போய்விட்டது. மாலையில் வந்ததும் கதவடியில் சிறிது நேரம் நிற்பேன், உளியைப் பார்ப்பேன், உளி என்னைப் பார்க்கும். பிறகு வழியில்லாமல் குனிவேன். சனிக்கிழமை அரை நாள் முழுவதும் அதில் போகும். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது பாவம் என்று மனைவி உளியை வாங்கி ஒளித்துவைப்பாள். என் வாழ்நாளில் கட்டளைகளில் ஒன்றையாவது அவ்வளவு ஆசையாக நான் கடைப்பிடித்ததில்லை.

குசினி வாழ்க்கை இப்படி நீண்டுகொண்டே போயிற்று. நான் கொத்துகிற நேரமெல்லாம் அங்கே பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். ரசம் கொதிக்கிற வாசனையை வைத்தே மாமா "போதும், எறக்கு" என்பார். தேயிலை ஸ்டோரில் முகர்ந்து பழகிய மூக்கு. தேங்காய் துருவப் பலகையை அவரே இழுத்துப் போட்டுக்கொள்வார். தண்ணீர் வேண்டுமானால் எழுந்து, அம்மியைச் சுற்றி, விறகைத் தாண்டி, பூனையை ஒரு வார்த்தை திட்டிவிட்டுக் குடத்தடிக்குப் போய்வருவார். நான் களைத்துப்போய் அந்த வழியாக வரும்போது அம்மியில் இடித்துக்கொள்வேன்.

"பாத்து வாங்க மாப்புள. கண்ணு தெரியாதா?" என்பார்.

எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. களைப்பு மூளை வரைக்கும் ஏறியிருந்தது.

மறுபடி பூசிக் காயவிட்டு மட்டக் கட்டையை வைத்தபோது குமிழி நடுவில் நின்றது. அறையின் எந்த மூலையில் வைத்தாலும் நடுவில் நின்றது. தண்ணீர் ஊற்றினேன், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அப்படியே பரவி நின்றது. மனைவியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் ஈரமே இல்லை.

"அப்பா... தர முடிஞ்சிருச்சு."

மாமா வந்தார். படியேறி உள்ளே காலை வைத்தார். மெதுவாக நடந்து எதிர்ச்சுவரைத் தொட்டார். ஜன்னல் பக்கம் போனார். ஹந்தானை இருந்த இடத்தைத் தாண்டினார். கால் தடவவில்லை, கை சுவரைத் தேடவில்லை. நடுவில் நின்று குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"மட்டம்" என்றார். "சுத்தமா மட்டம். நல்ல வேல மாப்புள."

அவர் திரும்பிப் படியிறங்கினார்.

"அப்பா, எங்க போறீங்க?"

"எங்க போவாங்க? என் எடத்துக்குத்தான்."

மனைவிக்கு முகம் வெளுத்துப்போயிற்று. நாவலப்பிட்டி என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். மாமா அம்மியைச் சுற்றி, விறகைத் தாண்டி, அடுப்படிப் பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அந்த முன் ரூமுல தனியா ஒக்காந்து என்னா செய்ய? பேச்சுக்கு ஆளில்ல. இங்க எது எங்க இருக்குன்னு காலுக்குத் தெரிஞ்சுபோச்சு." பிறகு, எதற்கோ அவசரம் போல, "அடுப்புல என்னமோ அடிபுடிக்குது புள்ள, பாரு" என்றார்.

அவள் ஓடினாள். அடிபிடித்தது கத்தரிக்காய்ப் பால்கறி. அதைக் கிளறிக்கொண்டே அழுதாள், சிரித்தாள், பூனையை வேறு அதட்டினாள். நான் படியில் நின்று அந்த மண்தரையைப் பார்த்தேன். குண்டும் குழியுமாக, ஆண்டவர் உலகத்தைப் படைத்த அன்றைக்கு விட்ட மாதிரியே கிடந்தது.

"மாமா, அப்ப இந்தத் தரையையும் கொஞ்சம்..."

"கிட்ட வராதீங்க!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

நான் முன்னறைக்குத் திரும்பினேன். சாமான்கள் இன்னும் திரும்பி வரவில்லை. ஒரு கதிரைகூட இல்லாத வெறும் அறை. உட்காரலாம் என்று பார்த்தால் முழங்கால் மடங்க மறுத்தது. அப்படியே மல்லாந்து படுத்துவிட்டேன். சீமெந்து குளிர்ச்சியாக இருந்தது. முதுகில் எங்கும் மேடு குத்தவில்லை, எந்தப் பக்கமும் உருளவில்லை. குசினியில் தகப்பனும் மகளும் உப்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டது கேட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.